வக்காலத்து: மதுசூதன் தாஸும் ஒரு மாகாணத்தின் பிறப்பும்

மொழிவழி மாநிலங்களின் வரலாற்றை நாம் பெரும்பாலும் 1952இல் பொட்டி ஸ்ரீராமுலுவின் உண்ணாநோன்பிலிருந்து தொடங்குகிறோம், 1956இல் முடிக்கிறோம். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1936 ஏப்ரல் 1 அன்று, மொழியை முதன்மை அடிப்படையாகக் கொண்டு இந்தியாவில் ஒரு மாகாணம் பிறந்துவிட்டது. அதற்காகச் சென்னை மாகாணம் தன் வடகோடியில் கஞ்சம் மாவட்டத்தின் பெரும்பகுதியையும் ஜெய்ப்பூர் ஜமீன் பகுதியையும் விட்டுக்கொடுத்தது. சென்னை மாகாண வரலாற்றைப் பயிலும் மாணவர்களிடம் ஒடிசாவின் கதையையும் சேர்த்துப் படியுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அக்கதையின் நடுவில் நிற்பவர் கட்டாக்கின் வழக்குரைஞர் மதுசூதன் தாஸ் (1848-1934). ஒடிசாவில் அவர் பிறந்த ஏப்ரல் 28ஆம் நாள் இன்றும் வழக்குரைஞர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அவருக்கு அங்கே 'உத்கல கௌரவம்' என்று பெயர்.

இக்கட்டுரை அவருக்குச் சூட்டும் மாலை அன்று. வழக்குரைஞர் ஒருவர் அரசியலுக்கு வரும்போது தம் தொழிலிலிருந்து எதை உடன் கொண்டுவருகிறார், அதனால் அரசியலுக்குக் கிடைப்பது என்ன, கிடைக்காமற்போவது என்ன என்ற வினாவுக்கு அவர் வாழ்வு ஒரு தெளிவான சான்று. தமிழில் 'வக்காலத்து வாங்குதல்' என்ற வழக்கை இன்று பெரும்பாலும் ஏளனமாகவே கையாள்கிறோம். அதன் நேர்ப்பொருள் எளியது: ஒருவர் எழுதிக்கொடுத்த அதிகாரத்தின்பேரில் அவருக்காக மற்றொருவர் பேசுதல். மதுசூதன் தாஸ் அரசியலை அந்த நேர்ப்பொருளிலேயே புரிந்துகொண்டார் என்பது என் கருத்து. அவருடைய வெற்றிக்கும் அவருடைய எல்லைக்கும் காரணம் அதுவே.

முதலில் பின்புலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'ஒடிசா' என்பது ஒரே ஆட்சிப்பகுதியாக இருக்கவில்லை. கட்டாக், பூரி, பாலசோர் ஆகிய கடற்கரை மாவட்டங்கள் வங்காள மாகாணத்தில் இருந்தன. சம்பல்பூர் மத்திய மாகாணங்களில் இருந்தது. கஞ்சமும் ஜெய்ப்பூரும் சென்னையில் இருந்தன. சிங்பூம் சோட்டா நாக்பூரில் இருந்தது. இவற்றுக்கிடையே சிதறிக் கிடந்தன சிறிய சமஸ்தானங்கள். எந்த மாகாணத்திலும் ஒடிய மொழி பேசுவோர் பெரும்பான்மையினர் அல்லர். கச்சேரியில் எழுத்தர், பள்ளியில் ஆசிரியர், அஞ்சலகத்தில் அலுவலர் ஆகிய பணிகள் பெரிதும் பிறமொழியாளர் கையில் இருந்தன. ஒடிசாவின் ஜமீன்கள் வரிபாக்கிக்காகத் தொலைவில் உள்ள கல்கத்தாவில் ஏலம்விடப்பட்டு வெளியூரார் கைக்கு மாறிய காலமும் உண்டு. 1866இன் பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் மாண்டனர். ஆட்சியாளருக்கும் ஆளப்பட்டோருக்கும் இடையே செய்தியை ஏற்றவாறு கொண்டுசெல்ல ஆள் இல்லாமற்போனதும் அப்பேரழிவின் காரணங்களுள் ஒன்று.

அப்பஞ்சத்தின்போது மதுசூதனுக்கு வயது பதினெட்டு. கட்டாக் மாவட்டத்தின் சத்தியபாமாபூரில் ஒரு ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர்; நுழைவுத்தேர்வு முடித்துச் சிறிது காலம் பாலசோரில் ஆசிரியராக இருந்தவர்; 1866இல் கல்கத்தா சென்றார். அங்கே கிறித்தவரானார். 1870இல் பி.ஏ., 1873இல் எம்.ஏ., 1878இல் சட்டப் பட்டம். ஒடியர்களுள் இப்பட்டங்களைப் பெற்ற முதல் மனிதர் அவரே. 1881இல் கட்டாக்குக்குத் திரும்பி வழக்குரைஞராகத் தொழில் தொடங்கினார்.

அவர் கல்கத்தாவில் பயின்றுகொண்டிருந்த அதே 1870இல் பாலசோரில் காந்திசந்திர பட்டாச்சார்யா என்ற வங்காள ஆசிரியர் ஒரு சிறுநூல் வெளியிட்டார். ஒடியம் தனிமொழி அன்று என்பதே அதன் வாதம். இதை வெறும் மொழியியல் சர்ச்சையாகப் பார்க்கக் கூடாது. ஒடியம் வங்காளத்தின் கிளைமொழி என்று முடிவானால் பள்ளிகளில் வங்காளப் பாடநூல் போதும். கச்சேரியில் வங்காள எழுத்தர் போதும். ஒரு மொழிக்கு இலக்கணம் உண்டா என்ற கேள்விக்குப் பின்னால் எத்தனை பேருக்கு வேலை உண்டு என்ற கேள்வி நின்றது. ஃபகீர் மோகன் சேனாபதி முதலானோர் அச்சகம் நிறுவியும் பாடநூல் எழுதியும் இதற்கு விடையளித்தனர். மதுசூதன் மனுவின் வழியே விடையளித்தார். 1882இல் தோன்றிய உத்கல் சபையின் வழியாகவும், 1890களிலிருந்து வங்காளச் சட்டமன்றத்தின் உறுப்பினராகவும் அவர் எழுதியவையும் பேசியவையும் பெரும்பாலும் வழக்குரைஞரின் வரைவுகளே: உண்மைகள் வரிசைப்படுத்தப்படும், முன்னுதாரணம் காட்டப்படும், வேண்டும் தீர்வு இறுதியில் கோரப்படும்.

அவர் புகழை நிலைநாட்டிய வழக்கு 1880களின் நடுவில் பூரியிலிருந்து வந்தது. பூரி அரசர் திவ்யசிங்க தேவ் ஒரு கொலைக்குற்றத்தில் தண்டிக்கப்பட்டு 1878இல் அந்தமானுக்கு நாடுகடத்தப்பட்டிருந்தார். வாரிசு சிறுவர். ஜகந்நாதர் கோயிலின் நிர்வாகத்தை அரச குடும்பத்திடமிருந்து அகற்ற அரசாங்கம் நீதிமன்றத்தை நாடியது. குடும்பத்தின் சார்பில் நின்றவர் மூதாட்டி சூரியமணி பாட்டமகாதேயி. அவருடைய வழக்குரைஞர் மதுசூதன் தாஸ். வழக்கு கல்கத்தா உயர் நீதிமன்றம் வரை சென்றது. கோயில் நிர்வாகம் மரபுப்படி அரச குடும்பத்திடமே தொடரும் வகையில் முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மதுசூதன் கிறித்தவர், அக்கோயிலின் வாயிலைக் கடந்து உள்ளே செல்ல அவருக்கு உரிமை இல்லை. தாம் நுழைய இயலாத கோயிலின் மரபுரிமைக்காக அவர் வாதாடினார். பின்னாளைய ஒடிய தேசிய எழுத்து இதைச் சமய நல்லிணக்கத்தின் சான்றாகப் போற்றுகிறது. எனக்கு இது தொழிலறத்தின் சான்றாகவே படுகிறது. கட்சிக்காரரின் நம்பிக்கையை வழக்குரைஞர் பகிர வேண்டியதில்லை. அவர் கட்சியைச் சரியாக எடுத்துரைத்தால் போதும். 'நம்மவர்' என்ற அடையாளத்தின்மேல் இல்லாமல், ஒப்புக்கொண்ட பொறுப்பின்மேல் எழும் பிரதிநிதித்துவம் இது. 1903 டிசம்பர் இறுதியில் கட்டாக்கில் அவர் கூட்டிய உத்கல் சம்மிலனியிலும் இதன் சாயலைக் காணலாம். அம்மாநாட்டின் பெயர் ஒரு மக்களினத்தின் பெயராக இல்லாமல் நிலத்தின் பெயராக அமைந்தது. அந்நிலத்தில் குடியேறி வாழ்ந்த வங்காளிகளும் பிறரும் இடம்பெற அதில் வழி இருந்தது.

சம்மிலனிக்கு முன்னோட்டமாக அமைந்தது சம்பல்பூர். 1895இல் மத்திய மாகாண நிர்வாகம் சம்பல்பூர்க் கச்சேரிகளில் ஒடியத்தை நீக்கி இந்தியைப் புகுத்த ஆணையிட்டது. 1896 முதல் அது நடைமுறைக்கு வந்தது. தன் மனுவைத் தானே படிக்க இயலாத நிலை ஒரு குடியானவனுக்கு எத்தகையது என்பதை வழக்குரைஞரைவிட நன்கு அறிந்தவர் யார்? உள்ளூர்த் தலைவர்களும் கட்டாக்கின் தலைவர்களும் இடைவிடாமல் முறையிட்டனர். இந்தியை வைத்துக்கொண்டு நிர்வாகம் நடத்துவது கடினம் என்பதை அதிகாரிகளும் உணர்ந்தனர். 1903இல் ஒடியம் மீண்டது. 1905இல் சம்பல்பூர் ஒடிசாக் கோட்டத்தோடு சேர்ந்தது. மனு வென்றது. இந்தியாவின் பிற பகுதிகளில் வங்கப் பிரிவினையின் ஆண்டாக நினைவில் நிற்கும் 1905, ஒடிய வரலாற்றில் ஒரு சிறு ஒன்றிணைப்பின் ஆண்டு என்பதையும் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆயினும் கஞ்சம் வரவில்லை. 1903 டிசம்பர் 3ஆம் நாளிட்ட ரிஸ்லியின் கடிதம் ஒடிய மொழிப்பகுதிகளை ஒரே நிர்வாகத்தின்கீழ்க் கொணரும் யோசனையை முன்வைத்தது. சென்னை அரசு அதனை எதிர்த்தது. யோசனை அவ்வளவில் நின்றது. கஞ்சத்தின் ஒடியர்கள் மேலும் முப்பதாண்டுகளுக்கு மேல் சென்னையின் குடிகளாகவே இருந்தனர். அங்கே அவர்களின் போட்டி தெலுங்கரோடு இருந்தது. தெலுங்கரோ தமிழரின் மேலாதிக்கத்தைக் குறைகூறி 1913இல் பாபட்லாவில் ஆந்திர மாநாட்டைக் கூட்டினர். ஒரே மாகாணத்தினுள் ஒருவர் மற்றொருவருக்குப் 'பெரும்பான்மை'. சென்னையில் அமர்ந்து பார்த்தால் தெரியாத இந்த அடுக்கு பெர்ஹாம்பூரிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்.

மதுசூதனின் பொருளியல் முயற்சிகளை விரைவாகச் சொல்லிவிடலாம். 1897இல் கட்டாக்கின் வெள்ளிக்கம்பி வேலையையும் பிற கைவினைகளையும் ஆதரிக்க ஒரு நிறுவனம். 1905இல் உத்கல் டேனரி என்ற தோல் பதனிடும் தொழிற்சாலை. மேல்சாதியார் தொடக்கூசிய தொழிலில் ஒரு பட்டதாரி வழக்குரைஞர் தம் வருமானத்தையெல்லாம் இறக்கினார். 1925இல் கட்டாக் வந்த காந்தி அத்தொழிற்சாலையைப் பார்வையிட்டார். கைத்தொழிலின் மதிப்பைப் பற்றிப் பேசும்போது மதுசூதனை நினைவுகூர்ந்தும் இருக்கிறார். தொழிற்சாலை தரத்தில் பெயர் பெற்றது, கணக்கில் தோற்றது. 1927இல் மதுசூதன் கடன்தீர்க்க இயலாதவராக அறிவிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்பது.

இனி அவர் வாழ்வின் மிக விசித்திரமான நிகழ்ச்சிக்கு வருவோம். மாண்டேகு-செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தத்தின்படி 1921இல் இரட்டையாட்சி தொடங்கியபோது பீகார்-ஒடிசா மாகாணத்தில் மதுசூதன் உள்ளாட்சித் துறை அமைச்சரானார். ஆண்டுச் சம்பளம் அறுபதாயிரம் ரூபாய். 1923 மார்ச்சில் பதவியைத் துறந்தார். காரணம் ஊழல் அன்று, கட்சிப் பூசலும் அன்று. நகராட்சித் தலைவரும் மாவட்டக் கழக உறுப்பினரும் ஊதியமின்றி உழைக்கும் ஒரு துறையில், அத்துறையின் தலைவர் மட்டும் ஊதியம் பெறுவது பொருந்தாது என்பது அவர் வாதம். சம்பளத்தை விட்டுவிடுகிறேன், மாறாகத் தொழில்புரிந்து பிழைத்துக்கொள்ள என்னை அனுமதியுங்கள் என்று ஆளுநர் ஹென்றி வீலரைக் கேட்டார். அமைச்சர் நீதிமன்றத்தில் வழக்காடுவதை அரசு ஏற்கவில்லை. அவர் விலகினார். அவர்பின் அப்பதவிக்கு வந்த கணேஷ் தத் சிங் சம்பளத்தைப் பெற்றுக்கொண்டு அதன் பெரும்பகுதியைக் கல்விக்கும் அறத்துக்கும் வழங்கினார். ஒரே சிக்கலுக்கு இருவேறு விடைகள்.

ஆளுநர் மறுத்தது தவறென்று சொல்ல முடியாது. ஆட்சியதிகாரம் உடையவர் நீதிபதியின்முன் கட்சிக்காரருக்காக நிற்பது நீதிக்கு இடையூறு என்பது இன்று நமக்கு வெளிப்படை. ஊதியமில்லாப் பதவி என்பதும் வசதியுள்ளவர்க்கே பதவி என்று முடியக்கூடும். ஆயினும் மதுசூதனின் கோரிக்கையின் அடியில் கிடந்த எண்ணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. மக்களுக்காகப் பேசுபவன் அரசிடம் கூலி வாங்கினால் அவன் யாருடைய ஆள்? வழக்குரைஞருக்கு ஊதியம் கட்சிக்காரரிடமிருந்து வருகிறது, எதிர்த்தரப்பிலிருந்து வருவதில்லை. காலனிய அரசின் அமைச்சர் பதவியில் எதிர்த்தரப்பே ஊதியம் தருகிறது. வக்காலத்து என்ற கருத்தை இறுதிவரை இழுத்துச் சென்றால் அவர் வந்துசேர்ந்த இடத்துக்கே நாமும் வருவோம்.

இந்த நிகழ்ச்சியை அதன் காலத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1920-21இல் ஒத்துழையாமை இயக்கம் வழக்குரைஞர்களை நீதிமன்றங்களிலிருந்து வெளியே அழைத்தது. பாட்னாவில் ராஜேந்திர பிரசாத், அலகாபாத்தில் மோதிலால் நேரு, கல்கத்தாவில் சித்தரஞ்சன் தாஸ், சேலத்தில் தொழில் தொடங்கிய ராஜாஜி எனப் பெருவருவாய் கண்டவர்கள் தொழிலைத் துறந்தனர். ஊரே தொழிலைத் துறந்து அரசியலுக்குப் போன காலத்தில், மதுசூதன் தொழிலுக்காகப் பதவியைத் துறந்தார். அவரைக் காலத்தோடு ஒத்துப்போகாதவர் என்று கூறுவது எளிது. அவர் நம்பிய அரசியல் வேறு என்று கூறுவதே சரி.

அந்த அரசியலின் எல்லை அதே ஆண்டுகளில் வெளிப்பட்டது. 1920 டிசம்பர் இறுதியில் சக்ரதர்பூரில் கூடிய உத்கல் சம்மிலனி, கோபபந்து தாஸ் முதலானோரின் முயற்சியால் காங்கிரஸின் குறிக்கோளை ஏற்றது. மதுசூதனுக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் முன்பே, தொடக்ககாலக் காங்கிரஸ் மாநாடுகளுக்குச் சென்றவர்; மொழிப்பகுதிகளின் குறையை அது பொருட்படுத்தாததைக் கண்டு விலகியவர். 1920இல் நாக்பூர்க் காங்கிரஸ் மொழிவழிக் குழுக்களை ஏற்றுக்கொண்டபின் அந்தக் குறை நீங்கியது. ஆனால் முறை மாறிவிட்டது. மனுவின் இடத்தில் மறியல் வந்தது.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. வக்காலத்து யாரால் கொடுக்கப்படுகிறது? சம்மிலனியின் முதல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் மயூர்பஞ்ச் மகாராஜா ஸ்ரீராமசந்திர பஞ்சதேவ். மேடையில் அரசர்களும் ஜமீன்தார்களும் பட்டதாரிகளும் இருந்தனர். அவர்கள் பணம் தந்தனர், மதிப்புத் தந்தனர், ஒப்பமிட்டனர். 1921-22இல் கனிகா ஜமீனில் குடியானவர்கள் வரிச்சுமைக்கு எதிராக எழுந்தபோது, அது காவல்துறையின் துப்பாக்கிச்சூடு வரை சென்றது. கனிகா ராஜாவோ ஒடிய ஒன்றிணைப்பு இயக்கத்தின் முன்னணியில் இருந்தவர். ஒடியருக்காகப் பேசிய இயக்கம் கனிகாக் குடியானவருக்காகப் பேச இயலவில்லை; அவர்கள் அதற்கு வக்காலத்து எழுதிக்கொடுத்தவர்கள் அல்லர். அவர்கள் பக்கம் சென்று நின்றவர் கோபபந்து.

ஃபகீர் மோகனின் 'ச மாண ஆட குண்ட' நாவலை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. உத்கல் சம்மிலனிக்குச் சில ஆண்டுகள் முன்பு, 1890களின் இறுதியில் தொடராக வந்த அந்நாவலில், ஏழை நெசவாளரின் நிலத்தைப் பறித்த ஜமீன்தார் இறுதியில் வீழ்கிறான். ஆனால் நிலம் உழுதவனிடம் திரும்புவதில்லை. சொத்து முழுவதும் ஒரு வழக்குரைஞர் கைக்குப் போகிறது. மதுசூதன் அத்தகைய வழக்குரைஞர் அல்லர். அவர் ஈட்டியதை இழந்தவர். ஆயினும் அந்நாவலின் ஐயம் தனிமனிதரைப் பற்றியதன்று. இடைநின்று பேசுபவரின் நேர்மை மட்டும் போதுமா என்பதே அந்த ஐயம்.

இதற்கு எதிரான சான்றையும் நேர்மையாக வைக்க வேண்டும். வக்காலத்து எழுதிக்கொடுக்க உரிமையே இல்லாதவர்களுக்காக அவர் பேசியதும் உண்டு. 1916இல் ரெஜினா குஹாவின் விண்ணப்பத்தைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் தள்ளியது. பெண் வழக்குரைஞராக இயலாது என்றது. 1921இல் சுதான்சுபாலா ஹஸ்ராவின் விண்ணப்பத்தைப் பாட்னா உயர் நீதிமன்றமும் அவ்வாறே தள்ளியது. சுதான்சுபாலா, மதுசூதனின் வளர்ப்பு மகள் ஷைலபாலா தாஸின் உடன்பிறந்தவர். தொழிலின் கதவைப் பெண்களுக்குத் திறக்க வேண்டும் என்பதில் மதுசூதன் உறுதியாக நின்றார். நீதிமன்றம் கொடுக்காததைச் சட்டமன்றம் கொடுத்தது: பெண்களுக்கு இருந்த தடையை 1923ஆம் ஆண்டின் சட்டம் நீக்கியது. கட்டாக்கில் மதுசூதன் வாழ்ந்த வீடு பிற்காலத்தில் ஷைலபாலாவின் பெயர் தாங்கிய பெண்கள் கல்லூரியானது.

மாகாணக் கோரிக்கை இறுதியில் வென்றதும் மனுவின் வழியேதான். 1924இல் ஃபிலிப்பும் டஃபும் கஞ்சத்தில் விசாரணை நடத்தி, ஒன்றிணைய வேண்டும் என்ற விருப்பம் அங்குள்ள ஒடியரிடையே மெய்யாகவே இருப்பதாகக் கண்டனர். பின்னர் சைமன் குழுவின் துணைக்குழு, வட்டமேசை மாநாட்டில் பரலாகேமுண்டி மன்னர் கிருஷ்ணசந்திர கஜபதியின் முயற்சி, 1931-32இல் எல்லைகளை வரைந்த ஓ'டொனல் குழு எனப் படிப்படியாக நகர்ந்தது. மதுசூதன் 1934 பிப்ரவரி 4 அன்று காலமானார். அவர் முப்பதாண்டுகளுக்கு மேல் நடத்திய வழக்கின் தீர்ப்பு அதற்கு இரண்டாண்டுகள் கழித்தே வந்தது.

மனுவின் அரசியலை நம் வரலாற்றெழுத்து பொதுவாகப் 'பிச்சை கேட்கும் அரசியல்' என்று ஒதுக்கிவிடுகிறது. போராட்டமே வரலாறு, மனு அதன் முன்னுரை என்பது நமக்குப் பழகிப்போன வரிசை. மதுசூதன் தாஸின் வாழ்வு அவ்வரிசையைக் கலைக்கிறது. ஆவணம், கணக்கெடுப்பு, சாட்சியம், முன்னுதாரணம் ஆகியவற்றைக் கொண்டு ஒரு மாகாணத்தின் எல்லையை வரைய முடிந்திருக்கிறது. அதே வேளையில், அந்த எல்லைக்குள் நிலமற்றவனுக்கு என்ன கிடைத்தது என்ற வினாவுக்கு அந்த ஆவணங்களில் விடை இல்லை. அவனிடம் யாரும் கையொப்பம் கேட்கவில்லை.

மொழிவழி மாநில உருவாக்கத்தை ஆராயும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மனுக்களைப் படிக்கும்போது வாசகத்தோடு நின்றுவிடாதீர்கள். இறுதிப் பக்கத்துக்குச் செல்லுங்கள். யார் ஒப்பமிட்டிருக்கிறார்கள், எந்த ஊர், என்ன தொழில், எந்த மொழியில் கையெழுத்து என்று பாருங்கள். யாருடைய பெயர் அங்கே இருந்திருக்க வேண்டும், ஆனால் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மதுசூதன் தாஸ் போன்றோரை மதிப்பிட அந்த இரண்டு பட்டியல்களும் வேண்டும்.